மலையேறும் வண்டிக்குப் பழைய கேஸ்கட்டா?

"இரும்புதானே தம்பி, இதுக்கு என்ன கேடு வரப்போகுது? துடைச்சுப் போட்டா இன்னும் பத்து வருசம் ஓடும்."

பதுளை, ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கம் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தவர்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் குறைவு. காகித கேஸ்கட் கிழியும், தக்கை நொறுங்கும், அவற்றை மாற்றத்தான் வேண்டும். உலோகத்துக்கு அழிவில்லை, திரும்பப் போடலாம் என்பது வாதம். சொல்கிற பாஸ் ஏமாற்றுக்காரர் அல்ல. வண்டிக்காரனுக்குக் காசு மிச்சமாகட்டும் என்று மனதார நினைத்துத்தான் சொல்கிறார். நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதால் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை.

இந்த நம்பிக்கைக்கு நியாயமான பூர்வீகம் ஒன்று உண்டு. பழைய லொறி எஞ்சின்களில் தனிச் செம்பில் செய்த வாஷர்கள் இருந்தன. ஒருமுறை இறுக்கினால் செம்பு நசுங்கி விறைத்துவிடும். அதைக் கம்பியில் கோத்து, சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும். (தண்ணீர் மேலே படிந்த கருப்பை உதிர்க்கத்தான், தானாக ஆறவிட்டாலும் செம்பு இளகிவிடும்.) சாதாரண ஒயில் குழாய் இணைப்பில் இருக்கும் செம்பு வாஷருக்கு இந்த வைத்தியம் இன்றைக்கும் பொருந்தும். பிழை எங்கே என்றால், செம்புக்குப் படித்த பாடத்தை எஃகுக்கும் நடத்துவதில்.

இன்றைய டர்போ எஞ்சினின் ஹெட் கேஸ்கட் ஒற்றைத் தகடு அல்ல. மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகள் மூன்று நான்கு அடுக்காக இருக்கும். ஒவ்வொரு சிலிண்டர் ஓட்டையைச் சுற்றியும் மேடான ஒரு வரம்பு. விரல் நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும். அதுதான் வில். ஹெட் சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கும்போதெல்லாம் இந்த வரம்பு கூடவே எழுந்தும் அமுங்கியும் இடைவெளியை அடைக்கிறது. மேற்பரப்பில் மெல்லிய றப்பர் பூச்சு. முதல்முறை இறுக்கும்போதே வரம்பு தன் உயரத்தில் ஒரு பகுதியை நிரந்தரமாக இழக்கிறது. கழற்றும்போது பூச்சு பாதி ஹெட்டிலும் பாதி பிளொக்கிலும் ஒட்டிக்கொண்டு உரிகிறது. அதை எமரி பேப்பரால் தேய்த்து, சில்வர் பெயின்ட் அடித்துப் போட்டால் பார்வைக்குப் புதிது போலத்தான் இருக்கும். வில் திரும்பி வராது. இன்னும் சிலர் ஒட்டியிருக்கும் பூச்சைப் போக்க டோர்ச்சால் சுடுகிறார்கள். செம்பை இளக்கிக் காப்பாற்றிய அதே சூடு, எஃகுத் தகட்டின் விறைப்பைப் போக்கிச் சாதாரணத் தகரமாக்கிவிடும்.

"போட்டுப் பார்த்தோமே, ஓடுதே" என்பார்கள். எங்கே போட்டுப் பார்த்தீர்கள்? கராஜ் வாசலில், ஐடிலில். அங்கே டர்போ வேலையே செய்வதில்லை. டீசல் டர்போ எஞ்சின் முழுப் பாரம் இழுக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் 150 பார் அளவுக்குப் போகும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல அறுபது மடங்கு. வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு முப்பது கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் ஏறத்தாழ 800 மீற்றர் ஏற வேண்டும். கேஸ்கட்டுக்குச் சோதனை அங்கேதான், அதுவும் ஆள் நிறைந்த வேனோடு. பண்டாரவளை உயரத்தில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் அதற்கு மேலும் தாங்குகிறது. கேஸ்கட் விட்டுக்கொடுத்தால் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்து, தண்ணீரை வெளியே தள்ளிவிடும். பிறகு மூடியை மாற்றுவார்கள், தேர்மோஸ்டாட்டை மாற்றுவார்கள், வோட்டர் பம்பை மாற்றுவார்கள். 'போன மாசம்தானே ஹெட் வேலை செய்தோம்' என்று கேஸ்கட்டை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை. பழி கடைசியில் டிரைவர் தலையில்.

இதைவிடக் கள்ளத்தனமானது இன்ஜெக்டர் அடியில் இருக்கும் சிறு வாஷர். நம் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளையும் கலியாண வீட்டுக்காரர்களையும் ஏற்றிச் செல்லும் கேடிஎச் வேன்கள் பலவற்றில் இருப்பது டொயோட்டாவின் 1கேடி எஞ்சின். அதில் இந்த வாஷர் கசிந்தால் வாயு மேலே ரொக்கர் கவருக்குள் ஏறி ஒயிலைக் கரியாக்கும். கரி கீழே இறங்கி ஒயில் உறிஞ்சும் வடிகட்டியை அடைக்கும். ஒயில் வரத்துக் குறைந்தால் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ முதலில் போகும், பின்னாலேயே பேரிங்குகள். இந்த வாஷரைக் காய்ச்சி இளக்கியும் போடக்கூடாது. நசுங்கி மெலிந்த வாஷர் இன்ஜெக்டர் உட்காரும் உயரத்தையே மாற்றிவிடும்.

காசு இல்லை என்பது பொய்யல்ல. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிப் போனபோது சாமான் விலை என்ன ஆனது என்று கொழுந்து லொறி வைத்திருக்கும் எவரும் சொல்வார். ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். ஹெட் இறக்கும் கூலி, லேத்தில் மட்டம் பார்க்கும் கூலி, ஒயில், கூலன்ட் எல்லாம் இரண்டாம் முறையும் முழுதாகக் கட்ட வேண்டும். இரண்டாம் முறை ஹெட் வளைந்தும் போயிருக்கலாம். மிச்சம் பிடித்த காசு அதில் கால்வாசிக்கும் காணாது.

"போலிப் புதுசைவிட ஜெனுயின் பழசு மேல்" என்ற பேச்சும் உண்டு. போலி கேஸ்கட் சந்தையில் இருக்கிறது, உண்மை. அதற்கு மருந்து நம்பிக்கையான கடையில் வாங்குவது; வில் செத்ததைப் பூட்டுவது அல்ல.

பழைய கேஸ்கட்டுக்கு ஒரே ஒரு உபயோகம் மிச்சமிருக்கிறது. டீசல் எஞ்சின்களில் பிஸ்டன் எவ்வளவு மேலே எட்டிப் பார்க்கிறது என்பதற்கேற்ப வெவ்வேறு தடிப்பில் கேஸ்கட் வரும்; எந்தத் தடிப்பு என்பதை ஓரத்தில் இருக்கும் வெட்டோ எழுத்தோ சொல்லும். அந்தக் குறியைப் படித்து, பிஸ்டன் உயரத்தையும் அளந்து பார்த்து, கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைக்கு போன் போடுங்கள். இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டால் காலையில் பதுளை பஸ் நிலையத்தில் இறக்கிக்கொள்ளலாம்.