நானோன்னு சொன்னா போதுமா?

செமினாரில் யாராவது ‘நானோ மருந்து’ன்னு ஸ்லைடு போட்டால் உடனே கைதட்டுகிறோம். துகள் 200 நானோமீட்டராம்! சரி, அது அரைத்த அன்றைக்கு. மூணு மாசம் கழித்து? அதுக்கு ஸ்லைடே இருக்காது.

தண்ணீரில் கரையாத மருந்தைப் பொடிப்பொடியாக்கினால் பரப்பு கூடும், சீக்கிரம் கரையும். ஆனால் துகள்கள் சும்மா இருக்குமா? ஒட்டிக்கொள்ளும். சிறிசு கரைந்து பெரிசின் மேல் படியும். அதைத் தடுப்பது மேலே போர்த்தியிருக்கும் பாலிமர். 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எமெண்ட் (கீமோ வாந்திக்கான மருந்து) காப்ஸ்யூலில் இருப்பது ஹைட்ராக்சிபுரொப்பைல் செல்லுலோஸ். லேபிளில் அதுக்குக் கிடைத்த பட்டம் ‘இன்ஆக்டிவ்’. கொடுமைடா சாமி!

நாமோ எந்த மருந்துக்கும் போலோக்சமரைக் கொட்டுகிறோம். ஏன் அதுன்னு கேட்டால், ‘லேபில் அதான் சார் இருந்தது’. போன செமஸ்டரில் நானும் அதையேதான் சொன்னேன். பாட்டில் அடியில் படிந்ததை நல்லாக் குலுக்கிட்டுத்தான் வைவாவுக்கே போனேன்.