பெட்டிகளை எண்ணும் பிள்ளை



பிள்ளைகளைப் பற்றி இப்பகுதிக்கு வரும் கடிதங்களுள் பெரும்பாலானவை முறையீடுகளே. படிப்பதில்லை, கைப்பேசியைக் கீழே வைப்பதில்லை, சொன்ன சொல் கேட்பதில்லை என்பனவே அவற்றின் சாரம். அண்மையில் ஒரு தாய் எழுதிய கடிதம் வேறு வகையினது. அவருடைய பன்னிரண்டு வயது மகன் கைப்பேசி கேட்பதில்லை, ஊர் சுற்றுவதுமில்லை. அவன் நெஞ்சம் முழுவதும் இரயில்தான். வீட்டுக்குப் பின்புறம் செல்லும் வண்டிகளின் எண்ணையும் நேரத்தையும் பெட்டிகளின் எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் நாள்தோறும் குறித்து வைப்பான். செருப்புப் பெட்டிகளாலும் ஈர்க்குச்சிகளாலும் கட்டிலுக்கடியில் ஓர் இரயில் நிலையமே அமைத்திருந்தான்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த வாப்பா அதைக் கண்டார். “இந்த வயதிலும் பொம்மை விளையாட்டா?” என்று சினந்து, நிலையத்தையும் நோட்டையும் குப்பையில் சேர்த்துவிட்டார். அன்று முதல் மகன் வாப்பாவுடன் பேசவில்லை. “விடுமுறை முடிய இன்னும் இருபது நாள்களே உள்ளன. இருவரில் யார் பக்கம் நான் நிற்பது?” என்று கேட்டிருந்தார் அச்சகோதரி.

அவருக்குத் தனியே மடல் எழுதிவிட்டேன். ஆயினும் இது ஒரு வீட்டுக் கேள்வியன்று. ஆகவே அம்மடலில் எழுதியவற்றை இங்கு உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

முதற்கண், இரயில்மீது கொண்ட பற்று வெறும் பொம்மை மோகமா என்பதைப் பார்ப்போம். நாற்பது வயதைக் கடந்தவர்கள் தங்கள் இளமைப் பயணங்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். திருவாரூரிலிருந்து நாகூருக்கு மீட்டர் கேஜ் வண்டியில் சென்ற நாள்கள் எனக்கு நன்கு நினைவிருக்கின்றன. சன்னலோர இடத்துக்கு உடன்பிறந்தாரோடு போட்டி. உம்மா கட்டித் தந்த சோற்றுப் பொட்டலம். ‘தடக் தடக்’ என்னும் ஓயாத தாளம். அந்தத் தாளம் எங்கிருந்து பிறந்தது? இரண்டு தண்டவாளத் துண்டுகள் சேரும் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கும் ஓசையே அது. பழைய மீட்டர் கேஜ் பாதையில் ஒரு துண்டின் நீளம் ஏறத்தாழ 12 மீட்டர். மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 12 மீட்டரைக் கடக்க 43 வினாடிகள் ஆகும். ஆகவே 43 வினாடிகளில் எத்தனை இணைப்புகளைக் கடக்கிறோமோ, அத்தனை கிலோமீட்டரே வண்டியின் மணி வேகம். நாற்பது இணைப்புகள் என்றால் நாற்பது கிலோமீட்டர். கைக்கடிகாரம் ஒன்றிருந்தால் போதும். பயணியே வேகமானி ஆகிவிடுவார். பெருக்கலும் வகுத்தலும் கசக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், கணக்கு இனிக்கும். இன்று தண்டவாளங்களை நீண்ட தொலைவுக்கு ஒன்றாகப் பற்றவைத்துவிடுவதால் அத்தாளம் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

அடங்கியது தாளம் மட்டுமன்று. நாட்டின் இருப்புப்பாதைகளை ஒரே அகலத்துக்குக் கொண்டுவரும் திட்டம் 1992-இல் தொடங்கியது. 1,000 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ் பாதைகள் ஒவ்வொன்றாக 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதைகளாயின. பயன் பெரிது, வண்டி மாறாமல் நெடுந்தொலைவு செல்கிறோம். ஆனால் சின்னஞ்சிறு நிலையங்கள் பல மூடப்பட்டன. பழைய பெட்டிகளும் கருவிகளும் பழைய இரும்பாயின. இன்று தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் எஞ்சியிருப்பது நீலகிரி மலைப்பாதையில்தான். அங்கும் இங்கும் நின்று குறிப்பெடுத்தும் படமெடுத்தும் வைத்த ஆர்வலர்கள் இல்லையென்றால், நம் தந்தையரும் பாட்டனாரும் பயணம் செய்த பாதைகளின் வரலாறு பாதியளவே எஞ்சியிருக்கும். குப்பைக்குப் போன அந்தப் பிள்ளையின் நோட்டும் அத்தகைய ஆவணம்தானே?

இனி, கட்டிலுக்கடியில் கட்டிய நிலையத்துக்கு வருவோம். மாதிரி இரயில் அமைப்பது உலகெங்கும் பெரியவர்களும் ஈடுபடும் கலை. அதில் பெரிதும் வழங்கும் அளவு 87-இல் ஒன்று. அதாவது, உண்மைப் பொருளின் ஒவ்வோர் அளவையும் 87-ஆல் வகுக்க வேண்டும். பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை நெடுங்காலம் கட்டிவந்த பயணிகள் பெட்டியின் உடல் நீளம் 21.3 மீட்டர்; மாதிரியில் அது 24½ சென்டிமீட்டர் ஆகிறது. நம் அகலப்பாதை 19 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். ஆனால் கடைகளில் கிடைக்கும் வெளிநாட்டு மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16½ மில்லிமீட்டர்தான். ஏன் இந்த வேறுபாடு? அவர்கள் நாட்டுப் பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 16½ கிடைக்கும். நம் பாதையைச் சரியாகக் காட்ட விரும்புபவர் தண்டவாளத்தைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கிலோமீட்டர் தொலைவைக் காட்டவோ பதினொன்றரை மீட்டர் இடம் வேண்டும். எந்த வீட்டில் அவ்வளவு நீளக் கூடம் உண்டு? ஆகவே எதை வைப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. நடைமேடையை விடலாமா, வேப்பமரத்தை விடலாமா என்று ஒரு சிறுவன் சிந்திக்கும்போது, அவன் தன் ஊரை முதன்முறையாகக் கூர்ந்து பார்க்கிறான்.

இதற்குப் பெரும் பொருட்செலவும் வேண்டுவதில்லை. ஒரு பலகையும் ஒரு பொம்மை வண்டியும் போதும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும், பின்னர் உதகைக்கு 1908-இலும் எட்டிய மலைப்பாதை, மிகச் செங்குத்தான இடத்தில் பன்னிரண்டரை அடி முன்னேறினால் ஓர் அடி உயர்கிறது. பலகையை அந்தச் சாய்வில் நிறுத்தி வண்டியை ஏற்றிப் பார்க்கட்டும் பிள்ளை. சக்கரம் ஏன் வழுக்குகிறது, கல்லாறு முதல் குன்னூர் வரை பாதையின் நடுவே பற்களுடைய இரும்புச் சட்டங்களை ஏன் பதித்தார்கள் என்பது அவனுக்கே விளங்கும். யுனெஸ்கோ நிறுவனம் 2005-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்ற அறிவு அது. அந்த அறிவின் தொடக்கம் கட்டிலுக்கடியிலும் இருக்கலாம்.

அறிவு மட்டுமன்று, ஒழுங்கையும் இரயில் கற்பிக்கிறது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகள் மோதாதிருக்க முன்னோர் செய்த ஏற்பாட்டை நினைவுகூருங்கள். இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைந்த இரு கருவிகள் இருக்கும். இரு நிலையத்தாரும் உடன்பட்டால்தான் ஓர் உலோக உருண்டை வெளியே வரும். ஒன்று வெளியே இருக்கும்வரை, எந்த முனையிலும் மற்றொன்றை எடுக்க இயலாது. அவ்வுருண்டையைப் பிரம்பு வளையத்தில் கோத்து ஓட்டுநரிடம் நீட்டுவார்கள். அது கையில் இல்லாமல் எவ்வளவு அவசரமானாலும் வண்டி அப்பாதையில் நுழையலாகாது. கடைசிப் பெட்டியின் பின்புறம் பெரிய பெருக்கல் குறி எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வழியில் எந்தப் பெட்டியும் கழன்று நின்றுவிடவில்லை, வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது என்பதற்கு அது சான்று. இவற்றையெல்லாம் விரும்பிக் கற்கும் பிள்ளை வீணாகப் பொழுது போக்குவதாகச் சொல்வது தகுமா?

நம் கடற்கரை மக்களின் வாழ்வோடு இரயில் எவ்வளவு பின்னியது என்பதற்கு இராமேசுவரம் ஒன்றே போதும். 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடி வரை வண்டி சென்றது; அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்குப் பயணம் தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் வண்டி நிற்காமற்போனபோது, ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்ட நாளிதழ்க் கட்டுகளை எடுக்க உறவினர் ஒருவருக்கு உதவிய சிறுவன்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். அவர் தம் வாழ்வில் ஈட்டிய முதல் ஊதியம் அது.

1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியையும், அங்கு சென்றுகொண்டிருந்த பயணிகள் வண்டியையும் கடலுக்கு இரையாக்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாள்களில் மீட்டுத் தந்தவர் அன்று இளம் பொறியாளராயிருந்த ஸ்ரீதரன். கொங்கண் இரயில்வேயும் தில்லி மெட்ரோவும் பின்னர் அவர் தலைமையில் எழுந்தன. நூறாண்டுக்கு மேல் உழைத்த அப்பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதனருகே கட்டிய புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டது. இவ்வளவு செய்திகளையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

வேறொரு தந்தையையும் இங்குக் குறிப்பிட வேண்டும். இங்கிலாந்தில் ஆட்ரி என்றொரு பாதிரியார் இருந்தார். அவர் சிறுவனாயிருந்தபோது படுக்கையில் கிடந்தபடி, மேட்டில் திணறி ஏறும் இரயில் என்ஜின்களின் ஓசையைக் கேட்பார். அவை தமக்குள் பேசிக்கொள்வதாகவே அவருக்குத் தோன்றும். 1942-இல் அவருடைய சிறு மகன் தட்டம்மையால் படுத்தபோது, அவ்வோசையை நினைவிற்கொண்டு என்ஜின்களைப் பற்றிக் கதை சொன்னார். 1945-இல் அவை நூலாக வெளிவந்தன. இன்று உலகக் குழந்தைகள் அறிந்த ‘தாமஸ்’ என்னும் என்ஜின் பிறந்த கதை இதுவே. அவர் முதுமையிலும் மாதிரி இரயில்களை அமைத்து மகிழ்ந்தவர். தந்தையின் இளமை நினைவு மகனின் நோய்ப்படுக்கைக்கு மருந்தாயிற்று.

வாப்பாவின் கவலையில் நியாயமே இல்லையா எனில், உண்டு. ஐந்து மணி நேரம் நோட்டு எழுதும் பிள்ளை ஒரு மணி நேரமேனும் பாடம் படிக்க வேண்டும். உறங்கும் நேரம் தவறலாகாது. எல்லாவற்றினும் முதன்மையானது உயிர். தண்டவாளத்தில் நடப்பதும், அதனருகே நின்று படமெடுப்பதும் கொடிய ஆபத்து. எதிர்த்திசை வண்டியின் ஓசை பல வேளைகளில் காதில் விழுவதே இல்லை. இரயில்வே எல்லைக்குள் அத்துமீறி நுழைவது ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். வண்டி பார்க்க வேண்டுமா? நடைமேடைச் சீட்டு வாங்கி, பெரியவர் ஒருவருடன் சென்று, ஓரக் கோட்டுக்கு உட்புறம் நின்று பார்க்கட்டும். சென்னை, திருச்சி அருங்காட்சியகங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள். எல்லை வகுப்பது தந்தையின் கடமை. அதற்கு நோட்டைக் கிழித்தெறிய வேண்டியதில்லை.

அச்சகோதரருக்கு நான் எழுதியது இதுதான்: “இரண்டு ஆண்டுகள் தாங்கள் பாலைவனத்தில் உழைத்தது இப்பிள்ளைக்காக. அந்த இரண்டு ஆண்டுகளில் அவன் சேர்த்த செல்வம் அந்த நோட்டு. தாங்கள் ஈட்டியதை அவன் மதிக்க வேண்டுமென எதிர்பார்க்கும் தாங்கள், அவன் ஈட்டியதையும் மதிக்க வேண்டாமா? புதிய நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். அத்துடன் நின்றுவிடாதீர்கள். ஒரு நாள் அவனுடன் பாசஞ்சர் வண்டியில் ஏறி, சன்னலோர இடத்தை அவனுக்கு விட்டு, அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நான்கு நிலையங்கள் சென்று வாருங்கள். பேச்சை அவன் தொடங்கும்வரை பொறுத்திருங்கள். தந்தை முந்திக்கொண்டு இறங்கி வருவதால் எந்தத் தந்தையின் மதிப்பும் குறைந்ததில்லை.”

தொலைவில் உழைக்கும் தந்தையரே! வீட்டுக்குப் பேசும்போதெல்லாம் “படித்தாயா? மதிப்பெண் எவ்வளவு?” என்பதோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். “இன்று எந்த வண்டி தாமதம்? எத்தனை பெட்டிகள்?” என்றும் ஒரு முறை கேளுங்கள். அதற்கு விடை சொல்லும் ஆவலில், படிப்பைப் பற்றியும் பள்ளியைப் பற்றியும் அவனே உங்களிடம் சொல்லத் தொடங்குவான்.