விமானம் மோதியும் நின்ற கோபுரம்... பிறகு விழுந்தது ஏன்?

செப்டம்பர் 11 வீடியோ எப்போது ரீல்ஸில் வந்தாலும் கமென்ட்டில் ஒரு கேள்வி இருக்கும். 'ஒரு விமானம் மோதினால் 110 மாடிக் கட்டடம் விழுந்துவிடுமா?'

விழாமல் நின்ற கட்டடமும் அதே நியூயார்க்கில் இருக்கிறது. 1945 ஜூலை 28 அன்று, பனிமூட்டத்தில் வந்த ராணுவ விமானம் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 79-வது மாடியில் மோதியது. 14 பேர் இறந்தனர். சுமார் 40 நிமிடங்களில் தீயை அணைத்துவிட்டார்கள். கட்டடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

அந்த விமானம் சுமார் 10 டன். 2001-ல் இரட்டைக் கோபுரங்களில் மோதிய போயிங் 767 ஒவ்வொன்றும் 120 டன்னுக்கும் மேல். அப்படியும் கோபுரங்கள் உடனே விழவில்லை. வெளிச்சுவரில் நெருக்கமாக நின்ற எஃகுத் தூண்களில் சில அறுந்ததும், பக்கத்துத் தூண்கள் பாரத்தை வாங்கிக்கொண்டன.

வீழ்த்தியது தீ. விமான எரிபொருள் சில நிமிடங்களில் தீர்ந்துவிட்டது. அது பற்றவைத்த பேப்பர், மேசை, நாற்காலிகள் தொடர்ந்து எரிந்தன. எஃகு உருக வேண்டியதில்லை. 600 டிகிரி செல்சியஸிலேயே சுமார் பாதி பலம் போய்விடும். தீயிலிருந்து அதைக் காக்கும் பூச்சோ மோதலில் உதிர்ந்திருந்தது. தளங்கள் தொய்ந்து, வெளித் தூண்களை உள்பக்கமாக இழுத்தன. தெற்குக் கோபுரம் 56 நிமிடங்களிலும், வடக்குக் கோபுரம் 102 நிமிடங்களிலும் சரிந்தன.

அந்த நிமிடங்களில்தான், மோதிய மாடிகளுக்குக் கீழே இருந்தவர்களில் பெரும்பாலோர் இறங்கித் தப்பினர். மேலே இருந்தவர்களுக்கு? மூன்று படிக்கட்டுகளும் கட்டடத்தின் நடுப்பகுதியில், ஜிப்சம் பலகைச் சுவர்களுக்குள் இருந்தன. வடக்குக் கோபுரத்தில் மூன்றுமே அடைபட்டன. மேலே சிக்கிய ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. தெற்கில் ஒரே ஒரு படிக்கட்டு மிஞ்சியது. அதன் வழியே 18 பேர் உயிரோடு வந்தனர்.

அதன் பிறகு அமெரிக்காவில் விதிகள் மாறின. 420 அடிக்கு மேற்பட்ட அலுவலகக் கட்டடங்களுக்குக் கூடுதல் படிக்கட்டு அல்லது ஆபத்து நேரத்தில் ஆட்களை இறக்கும் லிஃப்ட், எளிதில் உதிராத தீத்தடுப்புப் பூச்சு, இருட்டிலும் ஒளிரும் வழிக்கோடுகள் எல்லாம் வந்தன. அதே வளாகத்தில் எழுந்த புதிய கோபுரத்தில் படிக்கட்டைச் சுற்றிக் கனமான கான்கிரீட் சுவர்.

கடைசி ஆள் இறங்கும்வரை கட்டடம் நிற்க வேண்டும்; இறங்க வழியும் இருக்க வேண்டும். உங்கள் அபார்ட்மென்ட் படிக்கட்டில் பழைய சைக்கிளோ அட்டைப்பெட்டியோ கிடக்கிறதா? இன்றைக்கே எடுத்துவிடுங்கள், ப்ளீஸ்!