முழங்கால் போனால் படிப்பும் போகுமா?

பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பிள்ளைகளுக்கு இன்னொரு தேர்வு தொடங்கிவிடுகிறது: தனியார் கல்லூரிகளின் செலக்‌ஷன் ட்ரையல்ஸ். நன்றாக ஆடும் பிள்ளையின் பெயர் அதற்கு முன்பே கல்லூரி உடற்கல்வி இயக்குநரின் காதுக்குப் போயிருக்கும். குடியரசு தின விளையாட்டுப் போட்டியில் அவரே பார்த்திருப்பார்; இல்லையென்றால் பள்ளி பி.டி. சார் போன் செய்திருப்பார். வீட்டுக்கு வரும் செய்தி இவ்வளவுதான்: "ஃபீஸ் கட்ட வேணாம், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் தகப்பனுக்கு அது பெரிய வார்த்தை. இப்படிப் படித்து ரயில்வேக்கும் போலீஸுக்கும் போனவர்கள் ஏராளம். அந்தக் கதவை மூடக்கூடாது.

அரசு வழி வேறு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு 500 இடங்கள், எம்.பி.பி.எஸ்.ஸில் 7. சான்றிதழைப் பார்த்துத் தரவரிசை போடுகிறார்கள். கிடைத்த இடம் பிள்ளையுடையது. ஆனால் சலுகை போக மிச்சக் கட்டணத்தைக் குடும்பம்தான் கட்ட வேண்டும். அதனால்தான் வசதியில்லாத பிள்ளை தனியார் கல்லூரியின் வாய்வார்த்தையை நம்பிப் போகிறது.

கபடியில் ரெய்டு போகும் பையனுக்கு முழங்கால் லிகமென்ட் அறுந்தால், ஆபரேஷன் முடிந்து களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும். அந்த சீசன் முழுக்க அவன் அணியில் இல்லை. இரண்டாம் ஆண்டு ஃபீஸை யார் கட்டுவது? சேர்க்கும்போது பேசியவர் வேறு கல்லூரிக்குப் போயிருந்தால் யாரைக் கேட்பது?

அமெரிக்காவும் இதில் அடிபட்டுத்தான் திருந்தியது. அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ 1973-ல் உதவித்தொகையை ஓராண்டுக்கு மட்டும் என்று சுருக்கியது. ஆட்டம் சரிந்தவர்களைக் கழற்றிவிட அது வசதியானது. ஆட்டத்தைக் காரணம் காட்டி உதவித்தொகையை நிறுத்தக்கூடாது என்று ஐந்து பெரிய கல்லூரிக் கூட்டமைப்புகள் முடிவெடுத்தது 2015-ல்தான். நாற்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. நாம் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு பக்கத் தாள் போதும். எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்தக் கட்டணம், அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, போட்டிக்குப் போய் செமஸ்டர் தேர்வு தவறினால் என்ன வழி என்று எழுதி, கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியைப் பெற்றோரிடம் தர வேண்டும். பல்கலைக்கழகம் போட்டிக்கு அணிப் பட்டியல் வாங்கும்போதே இந்தத் தாளின் நகலையும் கேட்கலாம். தாளைப் பார்க்காமல் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்று பி.டி. சார்கள் இன்றைக்கே சொல்லலாம். அடுத்த ஆண்டும் ஆட்டக்காரர்களைத் தேடிக் கல்லூரிகள் அவர்களிடம்தான் வந்தாக வேண்டும்.