லாட்ஜில் ரூம் போடுகிறீர்களா? முதலில் மாடிப்படியைப் பாருங்கள்!

சென்னையில் வேலை பார்க்கிறவர்களுக்கும் கடை வைத்திருக்கிறவர்களுக்கும் ஊரில் இருந்து அடிக்கடி ஒரு போன் வரும்.

"மாப்ளே! வர்ற வாரம் குடும்பத்தோட வர்றோம். நல்லதா ஒரு ரூம் பார்த்து வை. ரொம்ப ஒசத்தியா வேணாம். ரொம்ப மட்டமாவும் வேணாம்..."

கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வருகிறவர்கள், விசா இன்டர்வியூவுக்கு வருகிறவர்கள்... எல்லோரும் தேடுவது இந்த நடுத்தர ரூமைத்தான். தேடிக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

நட்சத்திர ஓட்டல் என்றால் பணம் இருந்தால் போதும். தலைக்கு இவ்வளவு என்று பாய் விரிக்கிற இடம் என்றால் யாரும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. நடுவில் 1,500 ரூபாய், 2,000 ரூபாய், 3,000 ரூபாய் என்று இருக்கிறதே, அங்கேதான் குழப்பம். வாசலில் கண்ணாடிக் கதவு பளபளக்கும். ரிசப்ஷனில் ஊதுபத்தி மணக்கும். உள்ளே எப்படி என்பது ரூமுக்குள் போன பிறகுதான் தெரியும்.

ரூம் எடுக்க வருகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள்? ஏ.சி. ஓடுகிறதா, டி.வி. தெரிகிறதா, வெந்நீர் வருமா, மெத்தை விரிப்பு வெள்ளையாக இருக்கிறதா? இவ்வளவுதான். பார்த்துவிட்டு அட்வான்சைக் கட்டிவிடுகிறார்கள்.

"இந்தக் கட்டிடத்தில் மாடிப்படி எத்தனை?" என்று கேட்டவர் எத்தனை பேர்?

3 ஊர், 39 உயிர்!

கேட்காததால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்கட்டும்.

2019-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி. டெல்லி கரோல்பாக். விடியும் முன் ஒரு ஓட்டலில் தீப்பிடித்தது. எல்லோரும் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்த நேரம். தாழ்வாரச் சுவர்களில் அழகுக்காகப் பதித்திருந்த மரப்பலகைகள் திகுதிகுவென்று எரிந்தன. பலியானவர்கள் 17 பேர்.

2022-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி இரவு. செகந்திராபாத். கீழே பேட்டரி ஸ்கூட்டர் ஷோரூம், மேலே லாட்ஜ். ஸ்கூட்டர்களில் பிடித்த தீயின் புகை மேல் மாடிகளுக்கு ஏறியது. 8 பேர் பலி. வேலை நிமித்தமாகச் சென்னையில் இருந்து போனவர்களும் அதில் உண்டு.

2025-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி இரவு. கொல்கத்தா புர்ராபஜார். மொத்த வியாபாரக் கடைகள் நெருக்கியடிக்கும் இடம். அங்கே ஒரு ஓட்டலில் 14 பேர் மடிந்தார்கள். கரூர் மாவட்டத்தில் இருந்து சுற்றுலா போன ஒரு குடும்பத்தில் தாத்தாவும் பேரக் குழந்தைகள் இரண்டு பேரும் அங்கேயே போய்விட்டார்கள். பெற்றோர் வெளியே போயிருந்ததால் உயிர் தப்பினார்கள். அந்தப் பெற்றோரின் நிலையை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

மூன்று இடமும் குடும்பஸ்தர்களும் வியாபாரிகளும் தங்குகிற நடுத்தர இடங்கள்தான். அங்கே பெரும்பாலானவர்களைக் கொன்றது நெருப்பு அல்ல. புகை!

புகைக்கு மாடிப்படி என்றால் கொண்டாட்டம். அடுப்புக்கு மேலே இருக்கிற புகைபோக்கி மாதிரி, கீழே கிளம்பினால் சில நிமிடங்களில் மேல் மாடிக்குப் போய்விடும். இருப்பதே ஒரு மாடிப்படி, அதுவும் புகைக்குப் போய்விட்டால் ஆட்கள் எந்த வழியாக இறங்குவது? லிப்டில் ஏறினால் பாதியில் நின்றுவிடும். ஜன்னலைத் திறக்கலாம் என்றால் ஏ.சி.க்காகக் கண்ணாடி வைத்து அடைத்திருப்பார்கள். கண்ணாடியை உடைத்தால் வெளியே இரும்புக் கம்பி!

5 நிமிடம் போதும்

சென்னையில் மட்டும் என்ன வாழ்கிறது? எழும்பூர் கென்னட் லேன், சென்ட்ரல் எதிரே பெரியமேடு, வால்டாக்ஸ் ரோடு, திருவல்லிக்கேணி... எல்லாம் பழைய, நெருக்கமான வீதிகள். அகலம் குறைவு, நீளம் அதிகம். அப்படிப்பட்ட மனையில் மேலே மேலே மாடி எழுப்பினால் இரண்டாவது மாடிப்படிக்கு இடம் எங்கே வரும்? ஒழுங்காக நடத்துகிற முதலாளிகளும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கத்தான் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது.

பார்ப்பதற்கு என்ஜினீயர் படிப்பு வேண்டாம். ஐந்து நிமிடம் போதும்.

அட்வான்ஸ் கட்டும் முன்பு, "ரூமைப் பார்க்கணும்" என்று சொல்லி லிப்டை விட்டுவிட்டு மாடிப்படி வழியாகவே ஏற வேண்டும். உடைந்த கட்டில், பழைய மெத்தை, தண்ணீர் கேன், அழுக்குத் துணி மூட்டை எல்லாம் படியில் கிடக்கிறதா? கிடந்தால் அது மாடிப்படி அல்ல, குடோன். அந்த இடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம்.

மாடிக்குப் போனதும், "இன்னொரு வழி எங்கே?" என்று ரூம் பாயைக் கேட்க வேண்டும். அவன் பின்பக்கம் கையைக் காட்டினால் அங்கே நடந்து போய்ப் பார்க்க வேண்டும். கதவு இருக்கும். அதில் பூட்டும் தொங்கினால் கதவு இருந்து என்ன லாபம்? "சாவி மேனேஜர்கிட்ட இருக்கு சார்" என்பான். நடுராத்திரியில் புகை மண்டும்போது மேனேஜரை எங்கே போய்த் தேடுவது?

கீழே வாசலில் மடக்கு கேட் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ராத்திரி அதை இழுத்துப் பூட்டிவிட்டு சாவியை யார் வைத்துக்கொண்டு தூங்குகிறார் என்று கேட்பதில் தப்பே இல்லை. மாடிப்படிக்கு அடியில் ஜெனரேட்டர், கியாஸ் சிலிண்டர், சார்ஜ் போட்ட பேட்டரி வண்டிகள் இருந்தால் உஷார். தீயணைக்கும் சிவப்புச் சிலிண்டரில் தேதிச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். அது காலாவதி ஆகிவிட்டதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

ரூம் எடுத்த பிறகு, படுக்கப் போகும் முன் அறைக் கதவில் இருந்து மாடிப்படி வரை எத்தனை கதவு என்று எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். புகையில் கண் தெரியாது. கை தடவி எண்ணிக்கொண்டு போகத்தான் முடியும். புகை வந்தால் குனிந்து, தவழ்ந்து போக வேண்டும். தரையை ஒட்டித்தான் கொஞ்சம் காற்று இருக்கும். வெளியே தாழ்வாரம் முழுக்கப் புகை என்றால் கதவைச் சாத்தி, அடி இடுக்கில் ஈரத் துண்டைத் திணித்துவிட்டு, ஜன்னல் பக்கம் நின்று ஆள் இருப்பதைக் காட்ட வேண்டும். தீயணைப்புக்கு 101, எந்த அவசரத்துக்கும் 112.

ஏன் யாரும் பார்ப்பதில்லை?

"இதெல்லாம் பார்த்துட்டு இருந்தா ரூமே கிடைக்காது சார்" என்பார்கள். பார்க்காமல் போவதற்குக் காரணம் வேறு. வருகிற நேரம் அப்படி!

தென் மாவட்டத்து ரெயில்கள் பலவும் விடியற்காலையில்தான் எழும்பூருக்கு வந்து சேருகின்றன. கையில் பெட்டி, தோளில் தூங்குகிற குழந்தை. வெளியே வந்தால், "ரூம் வேணுமா சார்? நம்மகிட்ட இருக்கு, வாங்க" என்று ஒருவர் பையைப் பிடுங்காத குறை. அவர் கூட்டிக்கொண்டு போய் விடுகிற இடத்தில் அவருக்கு ஒரு கமிஷன். அந்தக் கமிஷன் ரூம் வாடகையில்தான் ஏறும். தூக்கக் கலக்கத்தில் மாடிப்படியாவது ஒன்றாவது! கட்டிலைக் கண்டால் போதும் என்று விழுந்துவிடுகிறார்கள்.

இதற்கு மருந்து சென்னையில் இருக்கும் சொந்தக்காரரிடம் இருக்கிறது. முதல் நாள் மாலை ஆபீஸ் விட்டோ, கடையைச் சாத்தியோ வீடு திரும்பும் வழியில் அந்த லாட்ஜுக்குள் ஒரு எட்டு நுழைந்து மாடி ஏறி இறங்கிவிட்டால் வேலை முடிந்தது. செல்போனில் போட்டோவைப் பார்த்துப் பணம் கட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். போட்டோவில் மெத்தை தெரியும். பின்பக்கக் கதவின் பூட்டு தெரியாது.

ஏரியாவையும் வேலையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜவுளி, நகை என்றால் தி.நகர். கிரீம்ஸ் ரோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் ஆயிரம் விளக்கு பக்கம். ரெயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் எழும்பூர், பெரியமேடு. தெற்கே போகிற பஸ்சுக்குக் கோயம்பேட்டில் ரூம் போடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்! 2023-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததில் இருந்து அந்தக் கணக்கு மாறிவிட்டது. கோயம்பேட்டுக்கும் கிளாம்பாக்கத்துக்கும் நடுவே சுமார் 30 கிலோ மீட்டர். ரூமில் மிச்சம் பிடித்த பணம் ஆட்டோவுக்குப் போய்விடும்.

பில்லில் விழும் ஓட்டை

உயிருக்கு அடுத்தது பணம். இதிலும் ஏமாறுகிறவர்கள் அதிகம்.

முதல் கேள்வி, "24 மணி நேரக் கணக்கா? பகல் 12 மணிக் கணக்கா?" என்பதுதான். காலை 5 மணிக்கு ரூமுக்குள் போகிறவருக்கு 24 மணி நேரக் கணக்கு என்றால் மறுநாள் 5 மணி வரை ரூம் அவருடையது. 12 மணிக் கணக்கு என்றால், 7 மணி நேரத்தில் ஒரு நாள் வாடகை முடிந்துவிடும். 12 அடித்ததும் அடுத்த நாள் வாடகை! இதைப் பணம் கட்டும் முன்பே வாய் திறந்து கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது வரி. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதியில் இருந்து, ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள ரூமுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். அதற்கு முன்பு 12 சதவீதம். 2,000 ரூபாய் ரூமுக்கு முன்பு 240 ரூபாய் வரி, இப்போது 100 ரூபாய். பழைய கணக்கிலேயே யாராவது பில் போட்டால், "என்ன இது?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பில்லே கிடையாது, துண்டுச் சீட்டுதான் என்றால் இன்னும் மோசம். நாளைக்குத் தகராறு என்று வந்தால் கையில் ஆதாரம் இருக்காது.

சாப்பாட்டு பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ம் ஆண்டு ஜூலையில் சொல்லிவிட்டது. 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் டெல்லி ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது. மீறினால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். போலி நம்பரை நம்பி அட்வான்ஸ் அனுப்பிவிட்டு முழிக்கிறவர்கள் உடனே அடிக்க வேண்டியது 1930. ஆசாமி பணத்தை எடுத்துக்கொண்டு கம்பி நீட்டும் முன் சொன்னால்தான் பலன்.

"வாகனங்களுக்கும் பொருள்களுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு போர்டு எல்லா லாட்ஜிலும் தொங்கும். அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். 1998-ம் ஆண்டு டெல்லியில் ஒரு பெரிய ஓட்டலில், ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் களவு போனது. "உங்கள் பொறுப்பு என்றுதான் சீட்டில் அச்சடித்திருக்கிறோமே!" என்றது நிர்வாகம். அது செல்லாது, ஒப்படைத்த வண்டிக்கு ஓட்டல் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று 2019-ம் ஆண்டு நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. போர்டு எழுதிவிட்டால் பொறுப்பு போய்விடாது.

அதிகாரிகள் கவனிப்பார்களா?

கார் போனால் கோர்ட்டுக்குப் போய் வாங்கலாம். பணம் போனால் புகார் செய்யலாம். உயிர் போனால்?

வெளியூர்க்காரர் தன் பங்குக்கு மாடி ஏறிப் பார்க்கட்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத விஷயங்களும் இருக்கின்றன. அந்தக் கட்டிடத்தைத் தீயணைப்புத் துறை கடைசியாக எப்போது சோதித்தது? மாநகராட்சி எத்தனை மாடிக்கு அனுமதி கொடுத்தது? எத்தனை மாடி நிற்கிறது? அன்றைக்கு ராத்திரி வந்து அன்றைக்கே தூங்கப் போகிறவருக்கு இது எப்படித் தெரியும்?

எங்காவது விபத்து நடந்தால் நாலு நாள் சோதனை நடக்கும். சீல் வைப்பார்கள், நோட்டீஸ் ஒட்டுவார்கள். அப்புறம் எல்லாம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். இதை மாற்ற பெரிய சட்டம் எதுவும் வேண்டாம். ஒரு சின்ன உத்தரவு போதும்.

ஒவ்வொரு லாட்ஜிலும் ரிசப்ஷனில் வாடகைப் பட்டியல் தொங்குகிறது. அதற்குப் பக்கத்திலேயே தீயணைப்புத் துறை சான்றிதழையும், கடைசியாகச் சோதனை நடந்த தேதியையும், மாடிப்படிகள் இருக்கும் இடத்தின் வரைபடத்தையும் தமிழில் பெரிய எழுத்தில் மாட்டச் சொல்ல வேண்டும். மாட்டாத லாட்ஜ் எது என்று வாசலிலேயே தெரிந்துவிடும். அங்கே யார் போவார்கள்? ஒழுங்காக நடத்துகிற முதலாளிக்கும் அதுவே விளம்பரம்.

வாடகைப் பட்டியலை மாட்ட ஒரு ஆணி அடித்தாகிவிட்டது. பக்கத்தில் இன்னும் ஒரு ஆணி அடிக்க எத்தனை உயிர் போக வேண்டும்? மாநகராட்சியும் தீயணைப்புத் துறையும்தான் பதில் சொல்ல வேண்டும்.