கூத்து மேடைக்கு எந்த மைக்?

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. அங்கிருந்து ஆரணி, செய்யாறு பக்கம் வரைக்கும் தெருக்கூத்து மண். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் பரம்பரை இன்றும் ஆடிக்கொண்டிருக்கும் வட்டாரம். கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். மைக் செட் தொழிலில் இருப்பவருக்கு இதைவிடக் கடினமான மேடை அமைவது அரிது.

கட்டை வேடம் கட்டியவர் தோளில் புஜகீர்த்தி, தலையில் கிரீடம், கையில் ஆயுதம். மைக்கைக் கையில் பிடிக்க வழியில்லை. ஸ்டாண்டில் நிற்கும் மைக்குக்கு ஓரடி தூரத்தில் விருத்தம் எடுப்பார். அடி முடியுமுன் சுழன்று நாலடி போய்விடுவார். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் இறங்கும். ஓரடி நாலடியானால் 12 டெசிபல் போச்சு. ஆபரேட்டர் கெயினைத் திருப்புகிறார். செட் கூவுகிறது.

பழி மைக் மேல் விழுகிறது. அடுத்த சீசனுக்கு இன்னும் விலை கூடிய மைக் வருகிறது, கூவல் மட்டும் அப்படியே இருக்கிறது.

கொடுக்கிற காசுக்குத் தகுந்த மைக் எது என்று கேட்பவர் முதலில் மேடையைப் பார்க்க வேண்டும் என்பது இந்த இதழின் கருத்து. கூத்தில் பின்பாட்டு, ஹார்மோனியம், மிருதங்கம், தாளம் எல்லாம் ஆடுபவரின் முதுகுக்குப் பின்னால். ஆடுபவரை நோக்கி நிற்கும் மைக் அவர்களையும் நோக்கித்தான் நிற்கிறது. எவ்வளவு குறுகலாகக் கேட்கும் மைக் வாங்கினாலும் அந்த மிருதங்கம் உள்ளே வரும். வாயும் மைக்கும் நெருங்கினால்தான் குரல் மேலெழும். ஆகவே முன்மேடையில் இடம் ஒதுக்கி இரண்டு ஸ்டாண்டுகளில் நடுத்தர விலை மைக் இரண்டு வைப்பது, நடுவில் ஒரே ஒரு விலையுயர்ந்த மைக் வைப்பதைவிட நல்ல முதலீடு. பாடும்போது எந்த மைக்குக்கு வருவது என்று கூத்து வாத்தியாரிடம் மாலையிலேயே பேசிவைப்பதற்குச் செலவே கிடையாது.

மைக்குக்கு ஒரு செவிட்டுப் பக்கம் உண்டு. கார்டியாய்டு வகைக்கு அது நேர் பின்னால், 180 டிகிரியில். சூப்பர் கார்டியாய்டுக்குச் சுமார் 125 டிகிரியில், பின்பக்கத்தின் இரு ஓரங்களில். பழைய கார்டியாய்டை எடுத்துவிட்டு சூப்பர் கார்டியாய்டு போட்டவர், மானிட்டரையும் ஓரமாக நகர்த்தாவிட்டால் கூவல் கூடத்தான் செய்யும். புளியமரத்தில் கட்டிய ஹார்ன்களில் ஒன்று மேடையைப் பார்த்திருந்தால் எந்த மைக்கும் காப்பாற்றாது.

பெயர்களுக்கு வருவோம். ஷூர் எஸ்எம்58 வெளிவந்தது 1966-இல். எஸ்எம் என்றால் ஸ்டுடியோ மைக்ரோபோன். ஸ்டுடியோவுக்கென்று செய்தது மேடையில்தான் நிலைத்தது. 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மெய்யெழுத்துகள் தெளியும் மேல்பகுதியைச் சற்றுத் தூக்கிக் கொடுப்பதால் ஹார்ன் வழியாகவும் வசனம் புரிகிறது. வலை நசுங்கினால் வலையை மட்டும் மாற்றலாம், உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜும் தனியே கிடைக்கிறது. பத்துப் பதினைந்து சீசன் தாங்கும் பொருளின் விலையை அந்தச் சீசன்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். போலிகள் சந்தையில் ஏராளம் என்பதுதான் கவலை. அசல் 298 கிராம். சந்தேகம் இருந்தால் தராசில் வைத்துவிடலாம். சென்ஹைசர் ஈ835 இன்னொரு நல்ல தேர்வு; பாடுபவர் கொஞ்சம் தள்ளிப்போனாலும் குரலின் நிறம் அதிகம் மாறாதபடி அமைத்தது என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். 1940 முதல் இருக்கும் டெல்லி நிறுவனமான அஹுஜாவின் டைனமிக் மைக்குகள் இவற்றின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கின்றன. கட்டியக்காரன் வசனத்துக்கும் கோயில் அறிவிப்புக்கும் அவை தாராளமாகப் போதும்.

கண்டென்சர் மைக்கைத் தலைக்கு மேல் தொங்கவிட்டால் தூரப் பிரச்சினை தீருமென்று சிலர் நினைக்கிறார்கள். அது ஜெனரேட்டரையும் சேர்த்துக் கேட்கும். 48 வோல்ட் பாண்டம் பவர் தராத ஆம்ப்ளிபையரில் பேசவும் பேசாது.

ஆம்பூர், வாணியம்பாடியில் முஷாயரா என்னும் உருதுக் கவியரங்க மேடையில் கதையே வேறு. கவிஞர் மைக்கை விட்டு நகர மாட்டார், வாய் சில அங்குலத்தில் இருக்கும். அந்த நெருக்கத்தில் அடிக்குரல் உப்பிக்கொள்ளும். மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் லோ கட் போட்டு, மைக்குக்கு ஒரு பஞ்சு உறை மாட்டினால் நடுத்தர விலை மைக்கே அழகாகப் பேசும்.

தோலைக் கையால் தடவித் தரம் பிரிக்கிறவர்கள் வாழும் வட்டாரம் இது. மைக்குக்கும் அந்தப் பரிசோதனை தேவை: பாடுகிறவரையே கடைக்கு அழைத்துப்போய், அவருடைய உச்சஸ்தாயியில் இரண்டு மூன்று மைக்குகளை அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். கடைக்காரர் "ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்லிக் காட்டுவதில் ராஜபார்ட்டின் குரலைப் பற்றி எதுவும் தெரியாது.

கையில் மிச்சமிருக்கும் காசு கேபிளுக்குப் போகட்டும். இரு முனையிலும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் உள்ள பேலன்ஸ்டு கேபிள் நூறடி போனாலும் சீரியல் லைட்டின் இரைச்சலை உள்ளே விடாது. மோனோ ஜாக் மட்டும் உள்ள பழைய ஆம்ப்ளிபையர் என்றால், அதன் பக்கத்தில் வரைக்கும் பேலன்ஸ்டாகவே கொண்டுவந்து, அங்கே ஒரு மைக் டிரான்ஸ்பார்மர் வைத்து ஜாக்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.