வருமுன் காக்கப் பணம் எங்கே?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

நோய் என்றதும் நம் நினைவுக்கு வருவன காய்ச்சலும் காலராவும் அம்மையும்தாம். ஆனால் இன்று உலகில் மனித உயிரை மிகுதியாகக் கவர்ந்து செல்பவை கிருமிகள் அல்ல. மாரடைப்பு, பக்கவாதம், நீரிழிவு, புற்றுநோய், நாட்பட்ட நுரையீரல் நோய் முதலான தொற்றா நோய்களால் 2021ஆம் ஆண்டில் மட்டும் 4 கோடியே 30 லட்சம் பேர் மாண்டனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இவர்களுள் 1 கோடியே 80 லட்சம் பேர் எழுபது வயதை எட்டாதவர்கள். அவ்வாறு அகாலத்தில் மாண்டோரில் நூற்றுக்கு 82 பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருவாய் நாடுகளையும் சேர்ந்தவர்கள். சர்க்கரை வியாதிக்கு நம் பாட்டிமார் வைத்த 'பணக்கார வியாதி' என்ற பெயர் இனிப் பொருந்தாது.

செல்வ நாடுகள் சுகாதாரத்திற்கென்று பிற நாடுகளுக்கு அளிக்கும் உதவியில், நூறு ரூபாயில் ஏறத்தாழ இரண்டு ரூபாயே இந்நோய்களுக்கு வருகிறது. ஆகவே கையேந்தி நிற்பதில் பயனில்லை. பணத்தை நாமேதான் தேட வேண்டும்.

நோயுற்றவருக்குப் பணம் ஒதுக்குவது எளிது. அவர் கண்முன் இருக்கிறார். அவருக்காக அழுவதற்கு உறவினர் இருக்கின்றனர். சிறுநீரகம் பழுதானவருக்கு வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்ய வேண்டியுள்ளது. அச்செலவை வேண்டாம் என்று கல்நெஞ்சரும் சொல்லமாட்டார். ஆனால் பத்தாண்டுகளுக்கு முன்பே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கண்டறியப்பட்டு, மாத்திரை ஒழுங்காகக் கிடைத்திருந்தால் பலருக்கு அந்த நிலையே வந்திராது. உப்பைக் குறைத்ததால் பக்கவாதம் வராமற் போன ஒருவரை யார் மேடையேற்றி மாலையிடுவது? தாம் தப்பித்தது அவருக்கே தெரியாதே! புதிய இயந்திரத்தைத் திறந்து வைத்தால் நாளிதழில் படம் வரும். வராத நோய்க்குப் படம் ஏது? நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. மிக நல்ல திட்டம். ஆயினும் மற்றெல்லாத் திட்டங்களையும் போல அதுவும் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் தன் பங்குக்காகக் காத்து நிற்க வேண்டியதே.

இதற்கு வழி கண்ட நாடு தாய்லாந்து. மது, சிகரெட் ஆகியவற்றைத் தயாரிப்போரும் இறக்குமதி செய்வோரும் அரசுக்குக் கட்டும் தீர்வைக்கு மேல் இன்னும் இரண்டு விழுக்காடு கட்ட வேண்டும் என்று 2001இல் அங்கே சட்டம் இயற்றினர். அந்த இரண்டு விழுக்காடு பொதுக் கருவூலத்தில் கலப்பதில்லை. மக்கள் நலம் காப்பதற்கென்றே அமைந்த ஒரு நிறுவனத்திற்கு நேரே செல்கிறது. பௌத்தர்களின் மழைக்கால நோன்பு மாதங்களில் மது அருந்தாதிருக்கும்படி ஆண்டுதோறும் நாடெங்கும் நடைபெறும் இயக்கத்திற்குத் துணை நிற்பதும் அந்நிறுவனமே. நோயை விளைவிக்கும் பொருளே நோயைத் தடுக்கும் செலவையும் ஏற்கிறது. இதைவிட நியாயம் வேறென்ன?

வரி போட்டால் மட்டும் போதாது, பணம் எங்கே போக வேண்டும் என்பதையும் சட்டமே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. மெக்சிகோவில் 2014 முதல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தனர். மக்கள் வாங்குவது குறைந்தது உண்மை. அப்பணத்தில் பள்ளிகளுக்குக் குடிநீர் வசதி செய்து தரலாம் என்றும் பேசினர். ஆனால் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. பணம் பொதுக் கருவூலத்தில் சேர்ந்தது.

பதினைந்து வயதுப் பெண் மதுவைப் பற்றி எழுதலாமா என்று பெற்றோர் சிலர் நினைக்கக்கூடும். கணக்கைப் பற்றித்தானே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்! 2023-24ஆம் ஆண்டில் மதுவின் வழியாகத் தமிழக அரசுக்குக் கிடைத்த வரி வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். அதற்கு மேல் இரண்டு விழுக்காடு என்றால் 900 கோடி ரூபாய் ஆகிறது. குடிப்போர் குறைந்தால் இந்த நிதியும் குறைந்துவிடுமே என்று எங்கள் வகுப்பிலேயே ஒருத்தி கேட்டாள். குறையட்டுமே! அதற்காகத்தானே இத்தனையும்?

மதுவைப் பற்றிச் சொல்வது எனக்கு எளிதாக இருக்கிறது. பீடியைப் பற்றிச் சொல்வது அத்தனை எளிதன்று. நெல்லை, தென்காசிப் பக்கத்துச் சிற்றூர்களில் திண்ணைதோறும் பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகின்றனர். அந்த வருமானத்தில் படிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். பீடிக்கு வரியை ஏற்றினால் முதலில் குறைவது முதலாளியின் இலாபமா, அந்தத் தாயின் கூலியா? 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் பீடிக்கான வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18ஆகக் குறைக்க முடிவு செய்தது. பீடியைச் சுற்றுபவரும் ஏழை, அதைப் புகைத்து நெஞ்சு கெடுபவரும் ஏழை. விலை மலிவாக இருப்பதால் இருவருக்கும் விடிவு வந்துவிடாது.

பிலிப்பைன்ஸ் நாட்டினர் இந்தச் சிக்கலை மறக்கவில்லை. 2012இல் அவர்கள் சிகரெட்டுக்கும் மதுவுக்கும் வரியை உயர்த்திச் சட்டம் செய்தபோது, புகையிலையிலிருந்து கூடுதலாகக் கிடைக்கும் வரியில் 15 விழுக்காட்டைப் புகையிலை விளையும் மாகாணங்களின் உழவர்க்கென ஒதுக்கினர். எஞ்சியதில் பெரும்பகுதி சுகாதாரத்திற்குச் சென்றது. ஏழைக் குடும்பங்களின் மருத்துவக் காப்பீட்டுத் தொகையை அரசே கட்டியது. சில ஆண்டுகளிலேயே அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் நிதி இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது.

இது நமக்குப் புதியதும் அன்று. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி பீடிக்குத் தனியே ஒரு வரி வாங்கி, அதைக் கொண்டு பீடித் தொழிலாளர்க்கு மருந்தகங்களும் அவர்தம் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித் தொகையும் நம் நாட்டில் அளித்து வந்தனர். ஜி.எஸ்.டி. வந்த 2017இல் அவ்வரி நின்றுபோயிற்று. அதனை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்பேன். ஒரு பங்கு நோய்த் தடுப்புக்கு. ஒரு பங்கு, சுளகைக் கீழே வைத்துவிட்டு வேறு தொழில் கற்க விரும்பும் பெண்களுக்கு, அவர்கள் கற்று முடிக்கும்வரை மாதந்தோறும் உதவித் தொகையாக. எவருக்கு எத்தனை பங்கு என்பதைத் தில்லியிலோ சென்னையிலோ அதிகாரிகள் மட்டும் கூடி முடிவு செய்யாமல், பீடி சுற்றும் பெண்களையும் உடன் அமர்த்திப் பேசட்டும்.